குணமாக்க முடியாத இடத்தில் டாக்டருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி: மேடம், மருத்துவப் படிப்பு முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். இரண்டு வாரம் மறுவாழ்வு மருத்துவ வார்டில் போட்டார்கள். வேறெந்த வார்டிலும் வராத ஈடுபாடு அங்கே வந்தது. மேற்படிப்புக்கு பி.எம்.ஆர். (மறுவாழ்வு மருத்துவம்) எடுக்கலாம் என்று சொன்னால் கூடப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். "பிசியோதெரபி டாக்டர் ஆகப் போறியா? ரேங்க் இல்லாதவன் எடுக்கிற பிராஞ்ச்" என்கிறார்கள். எனக்கே ஒரு பயமும் உண்டு. அங்கே யாரும் முழுதாகக் குணமாகிப் போவதில்லை. வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியுமா? இன்னொன்று: ஒன்றரை வருடம் முன்பு என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், ஆனால் வலது தோள் வலியால் இரவில் தூக்கமில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றால் அது தவறான காரணமா?

அன்புத் தம்பிக்கு,

"யாரும் முழுதாகக் குணமாகிப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். நானும் அதே நினைப்போடுதான் இந்த வார்டுக்குள் காலெடுத்து வைத்தேன். அதை மாற்றியது ஒரு கை.

முதல் வருடப் பயிற்சி. கழுத்தில் அடிபட்டு வந்த ஓர் இளைஞர். தண்டுவடத்தில் சி6, அதாவது கழுத்தின் ஆறாவது நரம்பு வரைக்கும் வேலை செய்தது. முழங்கையை மடக்குவார், மணிக்கட்டை மேலே தூக்குவார், அவ்வளவுதான். விரல்களில் அசைவே இல்லை. உள்ளுக்குச் சுருண்டு கிடந்தன. அப்படியே இறுகிப் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் தினமும் காலையில் மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்து நிமிர்த்தி நன்றாக இழுத்துவிட்டு வந்தேன். நாலாவது நாள் வார்டின் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டாக்டர், அவருக்கு மிச்சம் இருக்கிற பிடியையும் நீங்க எடுத்துடாதீங்க."

பிறகு அந்த இளைஞரிடம் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் விரல்கள் தாமாக மடங்கின. கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டைத் தொங்கவிட்டதும் விரல்கள் விரிந்தன. அந்த இடுக்கில் ஒரு பேனாவைச் செருகினார். நின்றது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் கொஞ்சம் குட்டையாக இருப்பதால் கிடைக்கும் பிடி அது. டெனோடிசிஸ் பிடி என்போம். மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும், விரலை நீட்டுவதென்றால் மணிக்கட்டைக் கீழே தாழ்த்தியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி இழுத்தால் தசைநாண் தொய்ந்து பிடி போய்விடும். அக்கறை என்று நினைத்துக்கொண்டு நான் நாலு நாளாகச் செய்தது அதைத்தான்.

அவருடைய தண்டுவடம் அப்புறமும் சரியாகவில்லை. ஆனால் சில வாரங்களில் கைப்பட்டையில் கரண்டியைச் செருகித் தானே சாப்பிட்டார், தானே பல் துலக்கினார், அந்தப் பிடியால் போனை எடுத்துத் தன் நண்பர்களோடு பேசினார். முன்பெல்லாம் போனை யாராவது காதில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்கள் இல்லாமல் பேசிய அந்த முதல் பேச்சு அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் வார்டுக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

தம்பி, இந்தப் பிரிவில் நாம் கேட்கும் கேள்வியே வேறு. "என்ன நோய், எப்படிப் போக்குவது" என்பது மற்ற வார்டுகளின் கேள்வி. இங்கே, "நாளைக் காலையில் இந்த மனிதர் என்ன செய்தாக வேண்டும், அதற்கு எது தடையாக இருக்கிறது" என்று கேட்கிறோம். தடை சில சமயம் தசையில் இருக்கும், சில சமயம் வலியில், சில சமயம் குளியலறை வாசற்படியில். உலக சுகாதார அமைப்பு 2001-இல் ஐ.சி.எஃப். என்ற வகைப்பாட்டைக் கொண்டுவந்தபோது உடலின் குறை, செய்ய முடிகிற காரியம், சமூகத்தில் பங்கெடுப்பது, சுற்றியிருக்கும் சூழல் என்று இதையெல்லாம் ஒரே படத்துக்குள் வைத்தது. படிக்கும்போது வறட்சியாகத்தான் இருக்கும். ஒரு நோயாளியின் வீட்டுக்கு நேரில் போய்க் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், அந்தப் படம் உடனே புரிந்துவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் படி ஒன்றை ஏற 180 சென்டிமீட்டர் நீளம் தேவை. அந்த இடம் வாசலில் இல்லையென்றால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் எந்த மாத்திரையாலும் அவர் வெளியே போக முடியாது.

"பிசியோதெரபி டாக்டர்" என்ற கேலிக்கு வருகிறேன். முதலில், பிசியோதெரபிஸ்ட் என்பதை யாரும் குறைவாகச் சொல்ல நீங்கள் இடம் கொடுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் நோயாளி எழுந்து நின்றால் அதில் பாதிக்கு மேல் அவர்களுடைய உழைப்பு. ஆனால் நம் வேலை வேறு. நோயைக் கணித்து, உடல்நிலையைத் தாங்கிப் பிடித்து, எது திரும்பும் எது திரும்பாது என்று நிர்ணயித்து, குழு முழுவதையும் ஒரு இலக்கை நோக்கி நடத்துவது மருத்துவரின் பொறுப்பு. அது எவ்வளவு மருத்துவம் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன்.

மாலை ஐந்து மணி. மார்புத் தண்டுவடம் நான்காவது மட்டத்தில் அடிபட்ட ஒரு பெண் திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலிக்கிறது என்கிறார். முகம் சிவந்து நெற்றியெல்லாம் வேர்வை. ரத்த அழுத்தம் மேல் அளவு 210. வழக்கமாக அவருக்கு 100-தான் இருக்கும். நாடித்துடிப்பு குறைந்திருக்கிறது. புதிதாக வந்த ஒருவர் என்ன செய்வார்? தலைவலிக்கு ஊசி போட்டு, படுக்கவைத்து, ஸ்கேனுக்கு எழுதுவார். படுக்கவைப்பதே தப்பு. அழுத்தம் இன்னும் ஏறும். எழுந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, நேராக மூத்திரக் குழாயைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்தக் குழாய் கட்டில் கம்பியில் மாட்டி மடங்கியிருந்தது. மடிப்பை எடுத்ததும் பை நிறைந்தது, சில நிமிடத்தில் அழுத்தம் இறங்கியது. இதற்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்று பெயர். மார்புத் தண்டுவடத்தில் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரும். நிரம்பிய மூத்திரப்பை, மலச்சிக்கல், கால் விரலில் உள்ளே வளர்ந்த ஒரு நகம்கூடப் போதும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். ஒரு மடங்கிய குழாய் உயிரை எடுக்கலாம் என்று தெரிந்திருப்பது மருத்துவம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதோடு முடியவில்லை. பக்கவாதத்துக்குப் பின் இறுகும் தசைகளுக்கு எந்தத் தசையில் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் டாக்சின் எவ்வளவு என்று முடிவெடுத்து ஊசி போடுவது, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் நேரடியாக பாக்லோஃபென் என்ற இறுக்கம் தளர்த்தும் மருந்தைச் செலுத்தும் பம்பு யாருக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது, நரம்புக் கடத்தல் சோதனையும் தசையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.எம்.ஜி.யும் செய்வது, அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டில் ஊசி போடுவது, கால் எடுக்க வேண்டியவருக்கு எந்த இடத்தில் எடுத்தால் செயற்கைக்கால் நன்றாகப் பொருந்தும் என்று அறுவை சிகிச்சை நிபுணரோடு முன்கூட்டியே பேசுவது எல்லாம் நம் கையில். கடைசியாகச் சொன்னதற்கு நான் கூடுதல் அழுத்தம் கொடுப்பேன். முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடிந்தால் அவர் நடக்கச் செலவழிக்கும் சக்தி வெகுவாகக் குறையும். அந்தப் பேச்சு அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நடக்க வேண்டும், பிந்தைய நாள் நடந்து பயனில்லை.

இந்தத் துறை எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பயத்துக்கும் பதில் கிடைக்கும். தண்டுவடத்தில் அடிபட்டவர்களை ஒரு காலத்தில் மருத்துவ உலகம் கைவிட்டிருந்தது. முதல் உலகப் போரில் அப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் மூத்திரத் தொற்றாலும் இறந்தார்கள். தண்டுவடக் காயம் நேரடியாகக் கொன்றவர்களைவிட அதைச் சுற்றியிருந்த அலட்சியம் கொன்றவர்கள் அதிகம். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன லுட்விக் குட்மன் 1944-இல் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் அவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மூத்திரப்பையைச் சுத்தமாகப் பார்த்துக்கொள்வது, பிறகு வேலையும் விளையாட்டும். பெரிய மருந்து ஒன்றும் இல்லை, பிடிவாதம்தான் மருந்து. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து கிளம்பியது. அந்த 16 பேரில் ஒருவருக்கும் தண்டுவடம் குணமாகவில்லை.

ஆகவே, மனசு தாங்குமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அது நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனை பேர் முன்னைப் போல ஆனார்கள் என்று எண்ணினால் இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடுவீர்கள். அப்படித் தளர்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், திறமையானவர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போன வாரம் இரண்டு பேர் தூக்கினார்கள், இந்த வாரம் ஒருவர் கை கொடுத்தால் போதும் என்பதை முன்னேற்றமாகப் பார்க்கும் கண் உங்களுக்கு இருந்தால், இந்த வார்டில் சந்தோஷத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அது பிறவியில் வந்ததில்லை.

ஆனால் ஒரு கஷ்டம் பழகவே பழகாது. "நான் நடப்பேனா டாக்டர்?" என்ற கேள்வி. முதல் நாட்களில், அடிபட்ட தண்டுவடம் தற்காலிகமாகச் செயலற்றுக் கிடக்கும் தண்டுவட அதிர்ச்சி இருக்கும்போது உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வோ குத்தும் உணர்வோ, உள்ளே ஓர் இறுக்கமோ இருக்கிறதா என்று விரல் வைத்துச் சோதித்த பிறகே காயம் முழுமையானதா, பகுதி மிச்சமா என்று தெரியும். பலரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கிற அந்தச் சோதனையில்தான் ஒருவருடைய எதிர்காலமே இருக்கிறது. அதன்பின் பதில் தெரிந்தாலும், சொல்லும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூட யார் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டும், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பொய் நம்பிக்கை கொடுப்பது எளிது. குடும்பம் இருப்பதையெல்லாம் விற்று ஊர் ஊராகச் சிகிச்சை தேடி அலைய நம்முடைய ஒரு "பார்க்கலாம்" போதும். அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். பல இடங்களில் இந்தத் துறை என்றால் என்னவென்று சக மருத்துவர்களுக்கே தெரியாது. டிஸ்சார்ஜ் செய்யும் நாளில், படுக்கைப்புண்ணோடும் இறுகிய கணுக்காலோடும், "மறுவாழ்வுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று சீட்டு வரும். மூன்று வாரம் முன்பே கூப்பிட்டிருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது. முதல் சில வருடங்கள் மற்ற வார்டுகளுக்கு நீங்களாகப் போய், பக்கவாத நோயாளியை முதல் நாளிலிருந்தே காட்டுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வருமானமும் உங்கள் நண்பர்களைவிட மெதுவாகத்தான் ஏறும். கைதட்டலும் அவசர அழைப்பும் இருந்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் என்பவருக்கு இது சரிப்படாது. ஆனால் தேவை இருக்கிறதா என்று கேட்டால், மறுவாழ்வுச் சிகிச்சையால் பயனடையக்கூடிய நிலையில் உலகத்தில் 240 கோடிப் பேர் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. மூன்று பேருக்கு ஒருவர். மக்கள் நீண்ட காலம் வாழ வாழ அது கூடத்தான் செய்யும். ரேங்க் பட்டியல் எந்தப் பிரிவுக்குக் கூட்டம் என்பதைத்தான் சொல்லும், எந்தப் பிரிவுக்கு ஆள் தேவை என்பதைச் சொல்லாது.

முடிவெடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். புறநோயாளிப் பிரிவில் போய் உட்காராதீர்கள், அங்கே எதுவும் தெரியாது. வார்டில் ஒரே ஒரு நோயாளியோடு, அவருடைய சம்மதத்தோடு, விடியற்காலை ஆறு மணியிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை இருங்கள். மலம் கழிக்கவைக்கும் நேரம், குளியல், சட்டை போடுவது, தெரபி, சாப்பாடு, மத்தியானத்தில் அவர் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்க்கும் நேரம் எல்லாவற்றிலும். ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம் ஆகும். நடுவில் குறுக்கிட்டுப் போட்டுவிடாமல் உங்களால் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். அது பொறுமைக்கான சோதனை மட்டும் இல்லை. உதவுவதை எங்கே நிறுத்த வேண்டும் என்பது இந்தத் துறையின் மையத் திறமை. சாயங்காலம் உங்களுக்கு அலுப்பாக இருந்ததா, இல்லை நாளைக்கு இவருக்கு எதை மாற்றிப் பார்க்கலாம் என்று மனசு ஓடியதா? அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு இடம் தேடும்போது பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சிறப்புப் பயிற்சி நாட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து ஐந்து வருடம். அந்த வருடங்கள் எப்படிக் கழியும் என்பதை அங்கே இப்போது படிப்பவர்களிடம் தனியாகக் கேளுங்கள். துறைக்கென்று சொந்தப் படுக்கைகள் உண்டா? இல்லையென்றால் நான் போக வேண்டாம் என்றே சொல்வேன். நோயாளியைச் சேர்த்து, வாரக்கணக்கில் பார்த்து, வீட்டுக்கு அனுப்பிப் பின்தொடராமல் இந்த வேலையைக் கற்க முடியாது. செயற்கை உறுப்புப் பட்டறை அதே வளாகத்தில் இருக்கிறதா, இ.எம்.ஜி.யைப் பயிற்சியாளர்கள் தங்கள் கையால் செய்கிறார்களா அல்லது பின்னால் நின்று பார்க்கிறார்களா, குழந்தைகள் வருகிறார்களா, வாராந்தரக் குழுக் கூட்டத்தில் தெரபிஸ்டுகளும் நர்சுகளும் வாய் திறந்து பேசுகிறார்களா. கடைசிக் கேள்விக்கு "மருத்துவர்தான் பேசுவார்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். என் கையைப் பிடித்து நிறுத்திய அந்த அம்மா அப்படிப்பட்ட இடத்தில் வாயே திறந்திருக்க மாட்டார்.

இப்போதே படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்றால், தசை, நரம்பு உடற்கூறியலைத் திரும்ப எடுங்கள், ஆனால் புத்தகத்தில் மட்டும் வேண்டாம். நடக்கிறவர்களைப் பாருங்கள். ஒரு நடைச் சுற்றில் ஒரு கால் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையில், 40 சதவீதம் காற்றில். யாராவது அதில் மாறி நடந்தால் எந்தத் தசை, எந்த மூட்டு, வலியா பலவீனமா என்று மனசுக்குள் சொல்லிப் பழகுங்கள். தெருவே பாடசாலை.

அம்மாவைப் பார்த்து வந்த ஆசை தவறான காரணமா என்று கேட்டீர்கள். மறுவாழ்வு மருத்துவரைக் குறிக்கும் பிசியாட்ரிஸ்ட் என்ற சொல்லை 1938-இல் முன்வைத்த ஃபிராங்க் குரூசன் இளம் மருத்துவராக இருந்தபோது காசநோயால் சானடோரியத்தில் கிடந்தவர். படுத்தே கிடக்கும் உடம்பு எப்படி வலுவிழக்கிறது என்பதை அங்கே பார்த்துத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார். சொந்த வலி வழியாக உள்ளே வந்தவர்களால் எழும்பிய துறை இது. ஒரே ஒரு எச்சரிக்கை: வார்டில் வரும் ஒவ்வொரு அம்மாவிலும் உங்கள் அம்மாவைத் தேடாதீர்கள். அவரவருக்கு அவரவர் நாளைக் காலை வேறு.

உங்கள் அம்மாவின் தோள் விஷயத்துக்கு வருகிறேன், அதைத் தள்ளிப் போடக் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்தால் மேற்கை எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கிவிடும். தோள்பட்டையின் எலும்பு முனைக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள், இடது பக்கத்தைவிட வலதில் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா என்று. வீட்டில் அவரை எழுப்பும்போதும் உட்காரவைக்கும்போதும் யார் எங்கே பிடிக்கிறார்கள் என்று இன்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்திருப்பார்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பின் மேல் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, அவரையே முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள். உட்காரும்போது முழங்கையும் முன்கையும் தலையணை மேலோ நாற்காலிக் கை மேலோ முழுதாகத் தாங்கியிருக்கட்டும். கையைத் தலைக்கு மேல் கப்பியில் இழுக்கும் பயிற்சி யாராவது சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரவில் வலது பக்கம் படுப்பதானால் தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்துப் படுக்கட்டும். இந்த வாரமே பக்கத்தில் உள்ள மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள். தசை இறுக்கமா, மூட்டு உறைந்துவிட்டதா, தசைநாண் கிழிசலா என்று கை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அவர் அம்மாவின் தோளைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவிடம் என்ன கேட்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.